அரசியல் பேசும் முதல் ராப் அல்பம்: வெள்ளவத்தை மூன்றாம் மாடியிலிருந்து சில குறிப்புகள்

முதல் பாட்டின் முதல் வரியைப் பதிவுசெய்ய நாங்கள் குறித்த நேரம் பின்னேரம் நாலரை. கொழும்பில் அதைவிட மோசமான நேரம் இல்லை. கொம்பனித்தெருப் பெடியன் மைக்குக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்து வாயைத் திறந்தான். கீழே ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ நுழைந்தது. பீத்தோவனின் அந்தப் பியானோ மெட்டு, பற்றரி இறங்கிய ஸ்பீக்கரில். எதிர்வீட்டு அன்ரி கிம்புலா பணிஸ் வாங்கி, மீதிக் காசு எண்ணி, இரண்டு கதை கதைத்து முடிக்கும்வரை ஓட்டோ நகரவில்லை. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அநீதியைப் பற்றிய வரியைவிட பணிஸ் வியாபாரம் தெளிவாகக் கேட்கிறது.

நான் ராப் பாடுகிறவள் இல்லை. பதினாறு வருடம் வானொலி விளம்பரங்களுக்கு ஒலிப்பதிவு செய்தவள். சீமெந்து, சவர்க்காரம், நகைக்கடை. இப்போது காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், அம்மாவின் படுக்கையறைக்குப் பக்கத்து அறையை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கேதான் நாலு பேர் தங்கள் முதல் அல்பத்தைச் செய்தார்கள். ஒருவன் ஹட்டன் பக்கம், புறக்கோட்டையில் புடவைக்கடையில் நிற்கிறான். ஒருவன் கொம்பனித்தெரு. ஒருத்தி வெள்ளவத்தையிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளை. நாலாவது கொட்டாஞ்சேனைப் பெடியன், பீட் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாளம்) செய்கிறவன், வாய் திறந்து கதைப்பது அபூர்வம். நாலு பேரும் 2022 ஏப்ரலில் காலிமுகத்திடல் போராட்டத்தில் அறிமுகமானவர்கள். இதேபோல ஒன்று செய்ய வேண்டும் என்று இப்போது வேறு பிள்ளைகள் படியேறி வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

இருபத்து மூன்று தலைப்பும் ஒரு கடதாசியும்

முதல் நாள் அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் 23 பாட்டு. 1948 குடியுரிமைச் சட்டம், 1956 தனிச் சிங்களம், 1981 நூலகம், 1983 ஜூலை, 2009, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கோவிட் காலத்து எரிப்பு, பெற்றோல் கியூ. சாதாரண தரப் பரீட்சை வரலாற்று வினாத்தாள் மாதிரி இருந்தது. எல்லாம் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் முதல் அல்பத்திலேயே எல்லாவற்றையும் சொல்லப் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடமும் ஒரு சுலோகமும்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் நான் பப்ளிக் எனமி என்ற அமெரிக்க ராப் குழுவை இழுத்தேன். அரசியல் ராப் என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். ஆனால் அவர்களை உலகம் திரும்பிப் பார்த்தது 1988இல் வந்த இரண்டாவது அல்பத்துக்குத்தான். 1987இல் வந்த முதல் அல்பம் ஒரு காரைப் பற்றிய பாட்டோடு தொடங்குகிறது! அதில் அவர்கள் தேடிக்கொண்டது தங்கள் சத்தத்தை: சக் டியின் கனத்த குரல், அதற்குப் பக்கத்தில் பகிடி விட்டு இடறிக்கொண்டே இருக்கும் ஃப்ளேவர் ஃப்ளேவின் குரல், பின்னால் அந்த இரைச்சல். அடுத்த வருடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்தச் சத்தம் தயாராக இருந்தது.

சரி, எதை வெட்டுவது? நாங்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து ஒரு கடதாசி கொண்டுவர வேண்டும். பில், படிவம், கடிதம், சம்பளத் துண்டு, எதுவாக இருந்தாலும் சரி. கடதாசி இல்லாத பாட்டு அல்பத்தில் இல்லை. ஹட்டன் பெடியன் அம்மாவின் சம்பளத் துண்டைக் கொண்டுவந்தான். கொம்பனித்தெருப் பெடியன் 2020 டிசம்பரில் மௌத்தான வாப்பாவின் மரணச் சான்றிதழைக் கொண்டுவந்து, மேசையில் கவிழ்த்து வைத்தான். கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆக வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை இருந்தது. நாங்கள் அதைத் திருப்பிப் பார்க்கக் கேட்கவில்லை. வெள்ளவத்தைப் பிள்ளை கொண்டுவந்தது பழுப்பேறிய பொலிஸ் பதிவுத் துண்டு. யுத்த காலத்தில் யார் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கடதாசி. அதிலிருந்துதான் லொட்ஜ் பாட்டு வந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பாட்டில் இந்த வரலாறு எதுவும் இல்லை. ஒரு பெட்டி, அதற்குள் என்னென்ன இருந்தது, எதை எடுக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பீட் செய்கிற பெடியன் மின்சார பில் கொண்டுவந்தான். "இதை வைச்சு என்னடா எழுதுறது?" என்றேன். "எழுதேல்ல அக்கா, அடிக்கிறன்" என்றான். அல்பத்தில் வார்த்தையே இல்லாத ஒரே பாட்டு அது.

23இல் ஒன்பது மிஞ்சியது. மொத்தம் 31 நிமிடம். பாட்டுத் தளங்கள் அல்பம் என்று எடுத்துக்கொள்ள ஏழு பாட்டாவது அரை மணித்தியாலமாவது இருந்தால் போதும். அதற்கு மேல் நீட்ட ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்று, பதிவு தொடங்க முன்னம். யாருக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கள். வரிகள் யார், பீட் யார், குரல் யார். சிநேகிதர்கள்தானே என்று விடாதீர்கள். நான் பார்த்த மூன்று குழுக்கள் உடைந்தது அரசியலால் இல்லை, இந்தத் தாள் இல்லாததால்.

எழுதுவது

அவர்களுடைய முதல் வரைவு இப்படி இருந்தது: அடக்குமுறையை எதிர்க்கிறோம், அநீதியை உடைக்கிறோம், புரட்சியை விதைக்கிறோம். பதினாறு வரியும் "கிறோம்".

தமிழில் ராப் எழுதுகிறவர் எல்லோரும் விழும் குழி இது. ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் வரியின் கடைசியில் ஒலி பொருந்த வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கள் இலக்கணத்தில் அதற்குப் பெயர் இயைபு. ஆங்கிலத்தில் அது கஷ்டப்பட்டுத் தேடிப் பிடிக்க வேண்டிய ஒன்று, அதனால் கேட்கச் சுவை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். ஒரே ஆளைப் பற்றிச் சொன்னால் எல்லா வினையும் ஒரே விகுதியில் முடியும். இயைபு சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதைக் காது மதிக்காது. தமிழ்க் காது மயங்குவது எதுகைக்கு, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுவதற்கு. அதோடு முதல் எழுத்துகளின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். இதை ஓ.எல். தமிழ்ப் பாடத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். கொப்பியைத் தேடி எடுங்கள்.

ஹட்டன் பெடியனிடம் கேட்டேன், சம்பளத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று. அவன் விளக்கினான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு "பேர்" என்று சொல்வார்கள். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர். "இன்னிக்கு அம்மாவுக்கு அரைப்பேருன்னு சொல்லுவாங்க அக்கா. சின்ன வயசுல நான் பேரையே பாதியா வெட்டிட்டாங்கன்னு நெனச்சேன்." நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். "இதைத்தான் எழுத வேண்டும். வேறு எதையும் எழுதாதே" என்றேன். இரண்டு வாரம் கழித்து அவன் கொண்டுவந்தது (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு):

கொழுந்து பதினெட்டுக் கிலோ, தண்ணிக்குன்னு
விழுந்து போச்சு மூணு கிலோ, கேக்க ஆளில்ல
முழுசா ஒரு பேரோட மலைக்குப் போன அம்மா
எழுதி வெச்ச அரைப்பேரோட லயத்துக்கு வந்தா

கொழுந்து, விழுந்து, முழுசா, எழுதி. நாலு வரியிலும் இரண்டாம் எழுத்து "ழு". முதல் எழுத்து நாலும் குறில். கடைசியில் எதுவும் பொருந்தவில்லை, பொருந்தவும் தேவையில்லை. ஒவ்வொரு வரியின் முதல் தட்டிலும் அந்த "ழு" வந்து விழும்போது பீட்டில் ஸ்நேர் ட்ரம்மின் அடி தேவையே இல்லாமல் போகிறது. புரட்சி என்ற சொல் இந்தப் பாட்டில் ஒரு இடத்திலும் இல்லை.

அளவு பற்றிக் கொஞ்சம். நிமிடத்துக்கு 90 தட்டு வைத்தால், நாலு தட்டு சேர்ந்த ஒரு பார் ஏறக்குறைய 2.7 விநாடி. 16 பார் கொண்ட ஒரு பகுதி 43 விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு பாருக்குள் பத்துப் பன்னிரண்டு அசை வசதியாக உட்காரும். அதற்கு மேல் அடைத்தால் ஒற்றெழுத்துகள் இடிபடும். "கேட்கவில்லை" என்பது "கேக்கல்ல" ஆகி, பிறகு "கேக்க" ஆகி, பொருளே தலைகீழாகும். நாக்கு திரும்பாதவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து திருப்புகழ். பகிடி இல்லை. அருணகிரிநாதரின் சந்தத்தை மெதுவாகத் தொடங்கி, தட்டு எண்ணும் மெட்ரனோமோடு 90க்கு ஏற்றிக்கொண்டு போங்கள். கொம்பனித்தெருப் பெடியன்தான் அதை முதலில் பிடித்தான். மதரசாவில் ஓதிப் பழகிய நாக்கு, வேகத்திலும் எழுத்தை விழுங்காது.

பேச்சு வழக்கைச் சமப்படுத்தாதீர்கள். தொடக்கத்தில் நாலு பேரும் சென்னைப் படத்துத் தமிழில் பாடினார்கள். கெத்து, மாஸ் என்று. புறக்கோட்டையில் எந்தக் கடையில் அப்படிக் கதைக்கிறார்கள் என்று கேட்டேன், சிரித்தார்கள். பிறகு அவரவர் வீட்டுத் தமிழுக்குத் திரும்பினார்கள். ஒருவன் "வாப்பாட ஜனாஸா" என்கிறான், ஒருத்தி "எங்கட அறை" என்கிறாள், ஒருவன் "எங்க லயம்" என்கிறான். ஒரே பாட்டுக்குள் மூன்று தமிழ் மாறி மாறி வரும்போது, இது கொழும்பில் செய்த அல்பம் என்று யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதோடு ஒரு ஒழுங்கும் வைத்தோம். ஒருவருடைய கடதாசியை மற்றவர் பாடக்கூடாது. கோரஸில் சேரலாம், "நான்" என்று சொல்லும் வரியில் சேரக்கூடாது.

தப்பும் மொட்டைமாடியும்

பழைய இசைத்தட்டிலிருந்து இரண்டு விநாடி எடுத்துச் சுற்றவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். இலங்கை வானொலிக் காலத்துப் பாட்டுகளில் கை வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. இரண்டு விநாடிக்கு விலக்கு என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை. நாட்டார் பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம், ஆனால் இன்னொருவர் பதிவுசெய்த நாட்டார் பாட்டு அப்படியில்லை. நீங்களே பதிவுசெய்யுங்கள்.

நாங்கள் தப்பு அடித்தோம், தோல் கட்டிய பறை. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வந்த தப்பு, கொழும்பு ஈரக்காற்றில் இறங்கிப்போய், தலையணையில் அடித்த மாதிரி ஒலித்தது. தோலைக் காய்ச்ச வேண்டும். மொட்டைமாடியில் பழைய பேப்பரைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். தோல் இறுக இறுக விரல் தட்டும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. காவல்காரர் புகையைப் பார்த்துத் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்ததும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். இறுகிய தோல் மறுபடி தொய்வதற்கு முன் எல்லாம் பதிவாகிவிட வேண்டும், அதனால் மைக்கை முதலே வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். தப்புக்கு நேரே வைக்காமல், இரண்டு முழம் தள்ளி, கொஞ்சம் சாய்த்து. நாங்கள் இதைப் பிழையாகச் செய்து மூன்று தடவை பேப்பர் கொளுத்தினோம்.

அறை, மைக்

பொருளுக்குச் செலவழிக்க வேண்டாம். லண்டன் தமிழ் ராப் பாடகி எம்.ஐ.ஏ. 2005இல் வெளியிட்ட முதல் அல்பத்தின் பாட்டுகள் பலவும் ரோலண்ட் எம்சி-505 என்ற, பீட் செய்யும் ஒரே பெட்டியில் தொடங்கியவை. உங்களிடம் லப்டொப் இருக்கும், அது அந்தப் பெட்டியைவிடக் கூடச் செய்யும். தேவையானது ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லப்டொப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு மைக், காதை மூடும் ஹெட்போன்.

வெள்ளவத்தை மாதிரி இடத்தில் கண்டென்சர் மைக் வாங்காதீர்கள். அது மெரின் டிரைவ் ரயிலையும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும், மூன்று காகங்களையும் சேர்த்துக் கேட்கும். டைனமிக் மைக் பெரும்பாலும் முன்னால் கிட்ட இருப்பதைத்தான் கேட்கும். முதலாம் குறுக்குத்தெருவில் வாங்குவதென்றால் பெட்டியைப் பார்த்து நம்பாதீர்கள். நான் ஒரு கடையில் பிரபலமான பெயர் அச்சடித்த ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே எடையே இல்லை. கையில் எடுத்துப் பாருங்கள், கடையிலேயே செருகிப் பேசிப் பாருங்கள். செருகவிடாத கடையில் வாங்க வேண்டாம்.

அறைக்குச் சாறி அலுமாரி போதும். இரண்டு கதவையும் திறந்து, பாடுகிறவர் சாறிகளைப் பார்த்து நிற்கட்டும், முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்துங்கள். அம்மாவின் கூறைச்சாறிக்கு முன்னால்தான் லொட்ஜ் பாட்டுப் பதிவானது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். வேர்க்கும். ஒரு துவாய் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். தமிழில் வல்லினம் அதிகம்; "ப" என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் மைக்கில் வெடிக்கும். எங்கள் முக்கியமான சொல்லே "பேர்". தையல் வளையத்தில் பழைய ஸ்டொக்கிங்கை இழுத்துக் கட்டினால் பாதி அடங்கும். மீதிக்கு ஒரு பென்சிலை மைக்கின் நடுவே நெடுக்காக ஒட்டிவிடுங்கள், காற்று இரண்டு பக்கமும் பிரிந்து போகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். குரலின் அளவு -12 டெசிபெல்லைச் சுற்றி நிற்கட்டும், கத்தும் இடத்திலும் -6ஐத் தாண்ட விடாதீர்கள்.

நேரம்: எங்கள் ஒழுங்கையில் நல்லது இரவு பத்தரைக்குப் பிறகு, அல்லது காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே. உங்கள் ஒழுங்கையை ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு ஒரு அட்டவணை எழுதுங்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற ஒரு நாளில் லப்டொப் பற்றரியில் பதிந்த ஒரு துண்டு எங்களிடம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் இல்லை, ஏசி இல்லை, பம்ப் இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதி இந்த வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

சட்டம்

பயமுறுத்த இல்லை, தெரிந்துவைத்திருக்க. பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்றிருக்கும் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டு ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இந்த மூன்றின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானது ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பை வைத்துத்தான். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை. தமிழ் தெரிந்த யாரும் படித்தால் விளங்கும். எங்கள் வரிகளும் நாளைக்குத் தமிழ் தெரியாத ஒருவருடைய மேசைக்குப் போகலாம் என்று நினைத்துத்தான் நாங்கள் வேலை செய்தோம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் வரிக்கு வரி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நாங்களே மொழிபெயர்ப்பு எழுதி, திகதி போட்டு வைத்திருக்கிறோம். அழகாக இருக்கத் தேவையில்லை, சரியாக இருக்க வேண்டும். குறிப்பாக உருவகங்களுக்குக் கீழே ஒரு வரி விளக்கம். "தீ" என்று எழுதினால் எந்தத் தீ என்று எழுதுங்கள். எங்கள் விஷயத்தில் அது தப்புக் காய்ச்சும் தீ. அதற்குப் பிறகு தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். அவர் இரண்டே இடத்தில் பென்சில் போட்டார். இரண்டும் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயர் வந்த இடங்கள். குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் சிவில் வழக்குப் போடலாம். பெயரை எடுத்துவிட்டு அவர் செய்ததை மட்டும் வைத்தோம். பாட்டு நன்றாகிவிட்டது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அம்மாவின் சீஆர் கொப்பி

மிக்ஸிங் பற்றி இணையத்தில் ஆயிரம் பாடம் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. ஆரம்பப் பிரிவில் 31 வருடம் தமிழ் படிப்பித்தவர். ராப் பிடிக்காது, "இது என்ன ஏலம் கூறுகிற மாதிரி" என்பார். முதல் மிக்ஸ் முடிந்த இரவு நாங்கள் ஐந்து பேரும் அதை இருபது தடவை கேட்டுப் பூரித்துப்போய் இருந்தோம். வரிகள் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம், அதனால் எல்லாமே கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு சீஆர் கொப்பியைக் கொடுத்து, சொல்வதெழுதுதல் என்றேன். ஒரு தடவைதான் போடுவேன், கேட்டதை எழுத வேண்டும், கேட்காத இடத்தில் கோடு விட வேண்டும்.

லொட்ஜ் பாட்டிலும் அரைப்பேர் பாட்டிலும் சேர்த்து 48 வரியில் 19 வரி கோடு. "பொலிஸ் பதிவு" என்பதை "பொலிஸ் பதவி" என்று எழுதியிருந்தார். "லயம்" அவருக்கு "நயம்". "அரைப்பேர்" என்பதை "அறைப்பேர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பிள்ளைகளின் முகம் தொங்கிவிட்டது. நான் கொப்பியை வாங்கி மேசையில் விரித்து, வேலையைத் தொடங்கினேன்.

குரலை உயர்த்துவது முதல் யோசனையாக வரும், அது பிழை. குரலை உயர்த்தினால் பீட் மெலிந்து, பாட்டு நோஞ்சானாகிவிடும். கோடு விட்ட ஒவ்வொரு இடத்திலும் என்ன மோதுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு ஏழு இடத்தில் ஹைஹட் என்ற தாளத் தட்டின் சத்தம். மெய்யெழுத்துகள் தெளிவாகும் இடம் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ். பீட்டில் அந்தப் பகுதியை 3 டெசிபெல் குறைத்தோம், குரலில் எதையும் தொடவில்லை, ஏழும் திறந்தது. ஐந்து இடத்தில் ரிவேர்ப் (சேர்த்த எதிரொலி), எடுத்துவிட்டோம். மற்ற ஏழில் பாடியவர்களே வரியின் கடைசி அசையை விழுங்கியிருந்தார்கள். அதை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது, திரும்பப் பாட வேண்டும். "லயம்" என்ற சொல்லுக்கு முன்னால் அரை மூச்சு விடச் சொன்னேன். "அரைப்பேரோட" வரும்போது பீட்டை அரைப் பாருக்கு அடியோடு நிறுத்தினோம். தப்பும் இல்லை, பேஸும் இல்லை, சாறிகளுக்கு முன்னால் நின்று அந்தப் பெடியன் சொல்லும் அந்தச் சொல் மட்டும்.

இரண்டாவது தடவை நாலு கோடு. மூன்றாவது தடவை கோடு இல்லை. அன்றைக்குத்தான் அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அரைப்பேர் எண்டால் என்ன தம்பி?" என்று கேட்டார். அவன் விளக்கினான். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிவப்புப் பேனையால் தன்னுடைய பழைய "றை"யை வெட்டி "ரை" என்று திருத்தினார்.

அம்மா இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ரீச்சரைப் பிடியுங்கள். உங்கள் வரிகளை முன்பே வாசித்திராத, உங்களைப் பாராட்டக் கடமையில்லாத ஒருவராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு போனில் போட்டு, 101 பஸ்ஸில், இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தடவை கேளுங்கள். சத்தத்தை உச்சத்துக்கு நசுக்கிக் கொண்டுபோக வேண்டாம். ஸ்பொட்டிஃபை எப்படியும் -14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்குக் கொண்டுவந்து சமப்படுத்திவிடும்.

வெளியிடுவது

பாட்டுத் தளங்களுக்கு அல்பத்தை அனுப்பிவைக்கும் விநியோகத் தளம் ஒன்றில் கணக்குத் திறந்து, பாட்டுகளை வேவ் கோப்பாக ஏற்ற வேண்டும். வெளியீட்டுத் திகதியை நாலு கிழமை தள்ளிப் போடுங்கள். பாட்டின் பெயரையும் பாடியவர் பெயரையும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டு மூன்று வேறு ஆட்களின் பக்கத்தில் போய்க் கிடக்கும். எழுத்தில் வரிகளையும் சேர்த்து ஏற்றுங்கள்.

அட்டைப்படத்துக்கு 3000க்கு 3000 பிக்சல் சதுரம். நாலு பேரும் சுவரில் சாய்ந்து முறைக்கும் படம் ஒன்று எடுத்து வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் பீட் பெடியன், ஒன்றும் சொல்லாமல், அம்மாவின் கொப்பியில் முதல் நாள் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். பத்தொன்பது வெற்றுக் கோடுகள், பொலிஸ் பதவி, வெட்டித் திருத்திய "றை". எல்லோரும் உடனே சரி என்றோம். ஏற்றினோம்.

இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. அட்டைப்படத்தில் தொலைபேசி இலக்கம் இருக்கக்கூடாதாம். என்ன இலக்கம் என்று பெரிதாக்கிப் பார்த்தால், பக்கத்தின் மூலையில் அம்மா காஸ் சிலிண்டர்காரரின் நம்பரைக் குறித்து வைத்திருந்தார். கணினியில் அழித்து மறுபடி ஏற்றினேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, அந்த நம்பரை இனி எங்கே தேடுவது என்று. கொப்பியில் அப்படியேதான் இருக்கிறது என்று காட்டினேன்.